நான்கு எழுத்தால் ஒரு திரவம்



இன்றைய பேச்சு டி.என்.ஏ.வைப் பற்றியது. அப்படிச் சொன்னதுமே உங்களில் சிலர், "சரி, அப்பாவின் மூக்கு, தாத்தாவின் சர்க்கரை, மரபணுப் பரிசோதனை, அதுதானே?" என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. பரம்பரையைப் பற்றி இன்று எனக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு இடத்தில் அது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

நான் பேசப்போவது டி.என்.ஏ. என்ற கச்சாப்பொருளைப் பற்றி. அந்தக் கச்சாப்பொருளிலிருந்து திரவம் செய்கிறார்கள். எப்படிப்பட்ட திரவம்? எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எந்தச் சூட்டில் கலைய வேண்டும், எதனோடு சேர வேண்டும், எதனோடு சேரவே கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் செய்கிற திரவம். எழுதிவைத்து என்பது மேடை அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. உண்மையிலேயே எழுத்துதான். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்து. அந்த நான்கை வரிசை மாற்றி எழுதினால் திரவத்தின் குணம் மாறுகிறது. இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. திரவம் என்றால் என்ன?

பள்ளியில் படித்த விடை நினைவிருக்கும். கொள்கலனின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும், கன அளவு மாறாது. விடை சரி. ஆனால் ஆவியாக அலைந்துகொண்டிருந்த ஒன்று ஏன் திடீரென்று துளியாகத் திரள வேண்டும்? 1873-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் டெர் வால்ஸ் என்ற டச்சுக்காரர் தன் ஆய்வேட்டில் அதற்கு விடை எழுதினார். மூலக்கூறுகளுக்கு உருவம் உண்டு. அவை ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன. சூடு அதிகமானால் ஆட்டம் வெல்லும், ஆவி. சூடு குறைந்தால் இழுப்பு வெல்லும், திரவம்.

நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த விடையை வைத்துக்கொண்டே இயற்பியல் வெகுதூரம் போய்விட்டது. பிறகு 2006-இல் ரோம் நகரில் பிரான்செஸ்கோ ஷார்டினோவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு குறும்புக் கேள்வியைக் கேட்டார்கள். ஒரு துகள் எல்லாப் பக்கமும் எல்லோரையும் இழுக்கிறது என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அதற்கு இத்தனை கைகள்தான், இத்தனை பேரைத்தான் பிடிக்க முடியும் என்று கட்டுப்பாடு வைத்தால் என்ன ஆகும்?

யோசித்துப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்கக் கைகோத்து நடப்போமே, அதில் ஆளுக்கு இரண்டு கைதான். இரண்டு கையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? வரிசை கட்டலாம், மிஞ்சினால் வட்டம் கட்டலாம். வலை பின்ன முடியாது. வலை பின்ன வேண்டுமானால் சிலருக்காவது மூன்றாவது கை வேண்டும். ரோம்காரர்களின் கணக்கும் அதையேதான் சொன்னது. சராசரிக் கை எண்ணிக்கை இரண்டை நோக்கிக் குறையக் குறைய, திரவம் மெலிந்துகொண்டே போகும். பெரும்பகுதி வெற்றிடம், ஆனாலும் அது திரவம்தான். அதற்கு 'காலித் திரவம்' என்றே பெயர் வைத்தார்கள்.

கணக்கு தயார். கணினியில் படம் தயார். ஆனால் கையில் பொருள்? எண்ணி மூன்றே மூன்று கை, எண்ணி நான்கே நான்கு கை உள்ள துகளுக்கு எங்கே போவது?

அந்தத் துகள் வேறொரு வாசல் வழியாக வந்தது. அந்த வாசலைத் திறந்தவர் திரவத்தைத் தேடவே இல்லை.

அவர் பெயர் நெட் சீமன். படிகங்களை ஆராய்பவர். 1980-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் வேலை பார்த்தார். படிகம் வளர்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. புரத மூலக்கூறுகள் வரிசையில் நில் என்றால் நிற்காது. டி.என்.ஏ.வில் கிளைவிடும் சந்திகள் சில உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் பல்கலைக்கழக மதுக்கடையில் உட்கார்ந்து ஆறு கைகள் உள்ள சந்தியைப் பற்றி யோசித்தபோது, எஷர் என்ற ஓவியரின் 'ஆழம்' என்ற மரச்செதுக்கு ஓவியம் அவர் மனதில் வந்தது. அதில் மீன்கள் முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமும் ஒரே சீராக அணிவகுத்து நிற்கும். ஒவ்வொரு மீனும் ஒரு சந்தி. சந்திகளைக் கைகோத்து நிறுத்திவிட்டால் அதுவே படிகம்! 1982-இல் கட்டுரை வெளியிட்டார். டி.என்.ஏ.வைக் கட்டுமானப் பொருளாகப் பார்க்கும் துறை அங்கேதான் பிறந்தது.

பிறந்தது சரி, படிகம் வந்ததா? உடனே வரவில்லை. சந்திகள் தளதளவென்று ஆடின. நேராக நிற்க வேண்டிய கை வளைந்துகொடுத்தது. விறைப்பான உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, தான் வடிவமைத்தபடியே ஒரு முப்பரிமாணப் படிகத்தை அவர் வளர்த்துக் காட்டியபோது ஆண்டு 2009. கிட்டத்தட்ட முப்பது வருட உழைப்பு.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். அவரை அத்தனை வருடம் அலைக்கழித்தது எது? அந்தத் தளதளப்பு. திரவத்துக்கு வேண்டியது எது? அதே தளதளப்பு! 2013-இல் பிராங்க் ஸ்மாலென்பர்க்கும் ஷார்டினோவும் இன்னொரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கை எண்ணிக்கை குறைவாகவும் கையின் பிடிப்பு வளைந்துகொடுப்பதாகவும் இருந்தால், எவ்வளவு குளிர வைத்தாலும் அது படிகமாக உறைய விரும்பாது, திரவமாகவே நிலைக்கும் என்றார்கள். படிகக்காரருக்குத் தலைவலியாக இருந்தது திரவக்காரருக்கு மூலதனம்.

சரி, இந்தத் துகளை எப்படிச் செய்கிறார்கள்? கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நான்கு கை உள்ள துகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஒற்றை இழைகளை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50 எழுத்து. ஏ என்ற எழுத்து டியோடு சேரும், ஜி என்பது சியோடு சேரும். இந்த ஒரு விதி போதும். முதல் இழையின் பின்பாதி இரண்டாம் இழையின் முன்பாதியோடு சேரும்படி எழுதுகிறோம். இரண்டின் பின்பாதி மூன்றின் முன்பாதியோடு, மூன்றின் பின்பாதி நான்கோடு, நான்கின் பின்பாதி திரும்பி வந்து முதல் இழையோடு. நான்கும் சேர்ந்தால் நடுவில் ஒரு சந்தி, அதிலிருந்து நான்கு கை. கைக்கு இருபது எழுத்து நீளம், ஏழு நானோமீட்டர் போல வரும். இதற்கு நானோ நட்சத்திரம் என்று பெயர்.

கை வந்துவிட்டது. விரல் வேண்டாமா? ஒவ்வொரு கையின் நுனியிலும் ஜோடி சேராத ஆறு எழுத்தைத் தொங்கவிடுகிறார்கள். இதுதான் ஒட்டுமுனை. உதாரணத்துக்கு சி-ஜி-ஏ-டி-சி-ஜி. இதைப் பின்னாலிருந்து படித்து ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் ஜோடியைப் போட்டுப் பாருங்கள், மறுபடி அதே சி-ஜி-ஏ-டி-சி-ஜி வரும். சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்தவர்கள் இந்த வித்தையை ரசிப்பார்கள். இப்படி எழுதுவதால் என்ன லாபம்? ஒரே மாதிரி முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எந்த நட்சத்திரமும் எந்த நட்சத்திரத்தோடும் கைகோக்கலாம்.

எழுதிய வரிசையை டி.என்.ஏ. தயாரித்துத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பினால், சின்னக் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டிக்கொண்டு வந்து சேரும். உப்புக் கரைசலில் கரைத்து, 95 டிகிரி வரை சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். கொதிநிலைக்குப் பக்கத்தில் எல்லா இழையும் தனித்தனி. கொஞ்சம் ஆறியதும் நட்சத்திரங்கள் உருவாகின்றன. இன்னும் ஆறியதும் முனைகள் பற்றிக்கொள்கின்றன. ஒளிரும் சாயம் கொஞ்சம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கறுப்புப் பின்னணியில் உருண்டை உருண்டையாகத் துளிகள். இரண்டு துளி அருகே வந்து தொட்டதும் நடுவில் ஒரு கழுத்து உருவாகிறது, கழுத்து பருக்கிறது, இரண்டும் நீள்வட்டமாகின்றன, கடைசியில் ஒரே உருண்டை. ஜெல்லாக இருந்தால் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். உருண்டு ஒன்றாவதுதான் திரவத்தின் சாட்சி. அந்தத் துளியின் பெரும்பகுதி தண்ணீர்தான். நட்சத்திரங்கள் அதற்குள் விரிந்த வலையாக நிற்கின்றன.

2013-இல் மிலான் நகரில் தொம்மாஸோ பெல்லினியின் குழுவும் ரோமில் ஷார்டினோவும் சேர்ந்து மூன்று கை நட்சத்திரத்தையும் நான்கு கை நட்சத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். கணக்கு என்ன சொல்லியிருந்தது? கை குறைந்தால் திரவம் மெலியும். ஆய்வகத்தில் என்ன நடந்தது? மூன்று கை, மெலிந்த திரவம். நான்கு கை, அடர்ந்த திரவம், அதிகச் சூட்டையும் தாங்கும் திரவம். ஏழு வருடமாகத் தாளிலேயே இருந்த கணக்குக்கு ஒரு குழாயில் விடை கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பெருமை இதுதான் என்பேன். துளி ரோபோ, துளிக் கணினி என்று பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் அப்புறம். ஒரு பொருளில் ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துச் சோதிப்பது வேதியியலில் லேசில் வாய்க்காது. இங்கே ஒரு இழையைக் கூட்டினால் ஒரு கை கூடுகிறது, வேறெதுவும் மாறுவதில்லை.

கை எண்ணிக்கை ஒன்றுதானா? இல்லை. ஒட்டுமுனையின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு எழுத்தை எட்டாக்கினால் பிடி இறுகும். ஒரு கை பிடித்ததை விட்டு இன்னொன்றைப் பிடிக்க எடுக்கும் நேரம், கூட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் பல மடங்காக நீள்கிறது. திரவம் ஓடுவது கை மாறுவதால்தானே? கை மாறத் தாமதமானால் திரவம் கெட்டியாகிறது. இன்னும் குளிர்ந்தால் கை மாறவே மாறாது, ஜெல். ஆக பாகுத்தன்மை என்று பாடப்புத்தகத்தில் படித்த ஒரு எண்ணை இங்கே எழுத்துக் கூட்டி எழுதுகிறார்கள்.

உப்பும் ஒரு திருகுதான். டி.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னேற்றம். உப்பு இல்லாவிட்டால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். சோடியமோ மக்னீசியமோ சேர்த்தால் அந்தத் தள்ளல் மறைக்கப்பட்டுப் பிடி விழும். முனைக்கும் கைக்கும் நடுவே ஜோடி சேராத ஒரு ஏ எழுத்தைச் செருகினால் மூட்டு தளரும், எடுத்துவிட்டால் விறைக்கும். ஒரே ஒரு எழுத்து, நண்பர்களே!

ஆனால் எனக்குப் பிடித்த திருகு வேறு. அது எழுத்தின் நீளத்தைப் பற்றியதல்ல, எழுத்து எது என்பதைப் பற்றியது. இரண்டு வகை நட்சத்திரம் செய்கிறோம். ஒன்றின் முனை இன்னொன்றின் முனையோடு சேராதபடி எழுதுகிறோம். என்ன ஆகும்? இரண்டும் டி.என்.ஏ., இரண்டும் அதே தண்ணீரில், அதே உப்பில், அதே சூட்டில். ஆனாலும் துளிகள் கலப்பதில்லை. பச்சைச் சாயத் துளி பச்சையோடுதான் சேரும், சிவப்பு சிவப்போடுதான். 2020-இல் ஜப்பானில் மசாஹிரோ தகினோவின் குழு இதைச் செய்து காட்டியது. அதோடு விடவில்லை. இரண்டு வகை முனையும் உள்ள ஆறு கைப் பாலம் ஒன்றைச் சேர்த்தார்கள், இரண்டும் கலந்து ஒரே துளியாயின. அந்தப் பாலத்தின் நடுவே டி.என்.ஏ.வின் உறவுக்காரனான ஆர்.என்.ஏ.வைக் கொஞ்சம் வைத்திருந்தார்கள். ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியை ஊற்றியதும் பாலம் அறுந்தது, ஒன்றாக இருந்த துளி பாதி பச்சை பாதி சிவப்பாகப் பிரிந்தது. சேர வேண்டும் என்று எழுதினால் சேர்கிறது. பிரிய வேண்டும் என்று எழுதினால் பிரிகிறது.

"இதெல்லாம் மனிதன் செய்கிற விளையாட்டு, இயற்கைக்கு இது எதற்கு?" என்று யாராவது கேட்கலாம். இயற்கை இதை நமக்கு முன்பே செய்துகொண்டிருக்கிறது.

செல்லுக்குள் உறுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது என்று படித்தோம். எல்லாவற்றுக்கும் இல்லை. 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கிளிஃபர்ட் பிராங்வினும் ஆன்டனி ஹைமனும் சி. எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவின் கருவில் பி-துகள்கள் என்பவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த உருண்டைகள் அவை. அவை ஓடின, சொட்டின, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உருண்டையாயின. சவ்வே இல்லாத திரவத் துளிகள்! அதன்பின் செல்லுக்குள் எங்கே பார்த்தாலும் துளி. உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் கூட அப்படிப்பட்ட துளிதான் என்று தெரிந்தது. புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் உறுப்புகள் அங்கேதான் கோக்கப்படுகின்றன. அந்த ரைபோசோமின் உருவத்தைக் கண்டு 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பதை இங்கே சொல்லாமல் போனால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

துளி நல்லது. துளி உறைந்தால்? இங்கேதான் பரம்பரை எட்டிப் பார்க்கிறது. ஹண்டிங்டன் நோய் என்று ஒன்று. மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும் நோய். ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. முப்பதுக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. நாற்பதைத் தாண்டினால் நோய் வந்தே தீரும். ஏன் இந்த எல்லை? 2017-இல் அங்கூர் ஜெயினும் ரொனால்டு வேலும், அந்த மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.வைச் சோதனைக்குழாயில் வைத்துப் பார்த்தார்கள். சில முறை மட்டும் வந்தால் கரைந்து கிடக்கிறது. ஏறத்தாழ முப்பதைத் தாண்டினால் ஒன்றோடொன்று பின்னி ஜெல்லாகத் திரள்கிறது. கவனியுங்கள். ஒவ்வொரு சி-ஏ-ஜியும் ஒரு கை. கை கூடக் கூட வலை. ரோமில் போட்ட அதே கணக்கு! இந்த நோயில் புரதத்தின் பங்கு பெரிது, ஆர்.என்.ஏ.வின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் கை எண்ணிக்கை என்ற கேள்வி மருத்துவர்களின் மேசைக்கும் வந்துவிட்டது.

இப்போது ஆர்.என்.ஏ. பக்கம் முழுதாகவே திரும்புவோம். டி.என்.ஏ. நட்சத்திரத்துக்கு ஒரு குறை உண்டு. வெளியே செய்து, சூடாக்கி, ஆறவைத்து, பிறகு உள்ளே கொண்டுபோக வேண்டும். உயிருள்ள செல்லை 95 டிகிரிக்குச் சூடாக்க முடியுமா? ஆர்.என்.ஏ.வுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒரு டி.என்.ஏ. வார்ப்பை வைத்தால் நொதி அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டே இருக்கும். படியெடுக்கும்போதே அது தன்மேல் தானே மடிந்து நட்சத்திரமாகும். சூடாக்கவும் வேண்டாம், ஆறவைக்கவும் வேண்டாம். 2024-இல் லாஸ் ஏஞ்சலஸில் எலிஸா பிராங்கோவின் குழுவும் இங்கிலாந்தில் லோரென்ஸோ டி மிக்கேலேயின் குழுவும் இப்படிப் பிறக்கும் ஆர்.என்.ஏ. துளிகளை வெளியிட்டன. இவற்றின் கை நுனியில் தொங்கும் முனை இல்லை, ஒரு வளையம் இருக்கிறது. எதிரெதிர் வளையங்கள் எழுத்துப் பொருத்தம் பார்த்துப் பற்றிக்கொள்ளும். இதற்கு 'கிஸ்ஸிங் லூப்' என்று பெயர். மாணவர்கள் சிரிக்க வேண்டாம், பெயர் வைத்தது நான் இல்லை. எச்.ஐ.வி. வைரஸ் தன் இரண்டு ஆர்.என்.ஏ. பிரதிகளை இணைத்துக்கொள்வதும் இதே வளையத்தால்தான். இந்த நட்சத்திரங்களில் 'ப்ரோக்கோலி' என்ற ஆர்.என்.ஏ. துண்டையும் ஒட்டலாம். அது ஒரு சாயத்தைப் பிடித்துப் பச்சையாக ஒளிரும். அதனால் துளி பிறப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நகரும் துளியும் உண்டு. கலிபோர்னியாவில் ஓமர் சாலேயின் குழுவினர் டி.என்.ஏ. துளிக்குள், அதை வெட்டும் நொதியை விட்டார்கள். துளி வெளியிலிருந்து கரைந்து சிறுத்துப்போகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? உள்ளுக்குள் குமிழிகள் உண்டாயின. குமிழி பெருத்து ஓரத்துக்கு வந்து வெடிக்கும், வெடிக்கிற உதைப்பில் துளி நகரும். தன்னைத் தானே தின்று நகர்கிற திரவம்.

பயன் எப்போது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். தகினோவின் குழு 2022-இல் ஒரு துளி செய்தது. குறிப்பிட்ட மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏ., அதாவது குட்டி ஆர்.என்.ஏ. இழைகள், இருந்து, நான்காவது ஒன்று இல்லாவிட்டால் மட்டும் அது பிரியும். புற்றுநோய்க்கு அடையாளமாகப் பார்க்கப்படும் வரிசை அது. ஆனால் அவர்கள் ஊற்றியது ஆய்வகத்தில் தயாரித்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நோயாளியின் ரத்தம் அல்ல. ரத்தத்தில் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வெட்டிப்போடும் நொதிகள் காத்திருக்கின்றன. உப்பின் அளவும் நம் விருப்பப்படி இருக்காது. "ஊசியில் போட்டால் துளி போய்ப் புற்றைத் தேடும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். இன்று நடப்பது செயற்கைச் சவ்வுப் பைகளுக்குள் இந்தத் துளிகளை உண்டாக்கி, எந்தப் புரதத்தை உள்ளே இழுக்க வேண்டும், எதை வெளியே நிறுத்த வேண்டும் என்று பழக்குகிற வேலை. அடுத்து உயிருள்ள செல். அங்கே செல்லின் சொந்தத் துளிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றோடு நம் துளி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது, அவைத் தலைவர் மணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். மாணவர்கள் முதலில் கேள்வி கேட்கட்டும். உப்பைப் பற்றியோ கையைப் பற்றியோ எதைக் கேட்டாலும் சரி, ஒலிவாங்கியைப் பின்வரிசைக்குக் கொடுங்கள்.